கையில் நல்ல சீட்டு, எதிரே அவசரக்காரன்



சாரலுக்கு வந்திருந்த பேரப்பிள்ளைகள் நேற்றுதான் ஊருக்குக் கிளம்பினார்கள். பத்து நாளும் வீடு நிறைந்து கிடந்தது. காலையில் ஐந்தருவி, மத்தியானம் சாப்பாடு, அதற்குப் பிறகு திண்ணையில் சீட்டுக்கட்டு. இந்த வருஷம் புதிதாக ‘போக்கர்’ கற்றுக்கொடுத்தான் பெரிய பேரன். காசு கிடையாது. ஆளுக்கு 100 புளியங்கொட்டை. முதலில் தீர்ந்துபோகிறவர் ராத்திரி பாத்திரம் கழுவ வேண்டும்.

வாத்தியார் சீட்டாட்டத்தைப் பற்றி எழுதுகிறாரே என்று சிலர் முகம் சுளிக்கலாம். முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு நடத்தியவன் நான். நிகழ்தகவுப் பாடத்துக்கு 52 சீட்டைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. இன்றைக்கு ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். நம் கையில் நல்ல சீட்டு இருக்கிறது. எதிரே இருப்பவர் எதற்கெடுத்தாலும் ஏற்றிக் கேட்கிற ஆள். என்ன செய்வது?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக ஆட்டம்: ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகக் கிடைக்கும். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று என்று ஐந்து சீட்டு திறப்பார்கள். ஏழில் சிறந்த ஐந்து உங்கள் கை. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயத்தை ஏற்றலாம், ஈடு கொடுக்கலாம், சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம்.

என் பெரிய பேரனுக்கு ஒதுங்கத் தெரியாது. கையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், “தாத்தா, ரைஸ்!” என்று ஒரு பிடி கொட்டையைத் தள்ளுவான். சின்னவள் பயந்து கவிழ்த்துவிடுவாள்.

மூன்றாம் நாள் எனக்கு இரண்டு ஏஸ் வந்தது. 221 தடவைக்கு ஒரு தடவைதான் அப்படி வரும். பேரன் எப்படியும் ஏற்றுவான், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று நான் பூனை மாதிரி பதுங்கினேன். அன்றைக்கென்று அவனும் சும்மா இருந்துவிட்டான்! இரண்டே கொட்டைதானே என்று நாலு பேர் உள்ளே வந்தார்கள். நடுவில் விழுந்தது ஏழு, எட்டு, ஒன்பது. என் மருமகள் கையில் ஆறும் பத்தும். அந்தச் சீட்டுக்கு அவள் முதலில் பத்து கொட்டை கேட்டிருந்தால் வந்திருக்கவே மாட்டாள். ஏஸ் ஜோடியை விட மனமில்லாமல் கட்டிக்கொண்டு அழுது 60 கொட்டையை விட்டேன். ராத்திரி பாத்திரமும் நான்தான் கழுவினேன்.

கணக்கு என்ன சொல்கிறது? இரண்டு ஏஸ் வைத்திருப்பவர், ஏதோ ஒரு சீட்டு வைத்திருக்கும் ஒரே ஒருவரை எதிர்த்துக் கடைசிவரை போனால் 100-க்கு 85 தடவை ஜெயிப்பார். நாலு பேரை எதிர்த்தால் அதே கை 56 தடவைதான். சீட்டு மாறவில்லை, கூட்டம்தான் கூடியது. ஆகவே ஆரம்பத்தில் பதுங்காதீர்கள். நல்ல சீட்டு வந்தால் நீங்களே ஏற்றுங்கள், அவன் ஏற்றினால் அதற்கு மேல் ஏற்றுங்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் விலகிவிடுவார்கள். நீங்களும் அவசரக்காரனும் மட்டும் மிஞ்சுவீர்கள்.

அதற்குப் பிறகுதான் பொறுமைக்கு வேலை. ஏழாம் நாள் எனக்கு இரண்டு ராஜா. பேரன் 8 வைத்தான், நான் 25 ஆக்கினேன். எல்லோரும் கவிழ்த்தார்கள், அவன் மட்டும் வந்தான். நடுவில் ஒரு ராஜா, ஏழு, இரண்டு. இப்போது என் கையில் மூன்று ராஜா. நான் ஒன்றும் கேட்கவில்லை, வெற்றிலையை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் 25 தள்ளினான். ஈடு கொடுத்தேன். அடுத்து நாலு விழுந்தது. மிச்சமிருந்த 50-ஐயும் தள்ளிவிட்டு என் முகத்தையே பார்த்தான். “சரிடே, காட்டு” என்றேன். ராணியும் ஜாக்கும். அதாவது, ஒன்றுமில்லை.

இரண்டாம் தடவையும் நான் அவனை மிரட்டியிருந்தால் அவன் ஓடியிருப்பான், எனக்கு அந்த 75 வந்திருக்காது. பேசுகிற ஆளைப் பேச விட வேண்டும். அவன் பந்தயத்தை அவனே கட்டுவான்.

இன்னொரு கணக்கையும் மனசில் வையுங்கள். நடுவில் 50 கிடக்கிறது, அவன் 50 தள்ளுகிறான். நீங்கள் 50 கொடுத்து 100-ஐப் பிடிக்கப் பார்க்கிறீர்கள். மூன்று தடவையில் ஒரு தடவை நீங்கள் ஜெயித்தாலே கைக்கு நஷ்டமில்லை. பாதி நேரம் பொய் சொல்கிறவனிடம் நடுத்தரமான சீட்டை வைத்துக்கொண்டும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அவசரக்காரனுக்கும் நல்ல சீட்டு வரும். நடுவில் ஒரே வகைச் சீட்டு நாலு விழுந்த பிறகும், “இவன் எப்பவும் பொய்தானே” என்று உட்கார்ந்திருப்பது கணக்கு இல்லை, கோபம். இந்த ஆட்டத்தில் நான் பார்த்தவரை ஆட்களைத் தோற்கடிப்பது கெட்ட சீட்டைவிட, “இவனை இன்னைக்கு விடக்கூடாது” என்கிற அந்த எண்ணம்தான்.

அந்தக் கோபத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு.

எங்கள் காலத்து ஆட்டம் இருபத்தெட்டு. செங்கோட்டைப் பக்கம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்க்காரர்களோடு இருந்த பூமி. மலையாளத்திலிருந்து சம்பந்தமும் வந்தது, சீட்டாட்டமும் வந்தது. 32 சீட்டு, நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஜாக்குக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. வகைக்கு 7, மொத்தம் 28. முதல் நாலு சீட்டைப் பார்த்தே 14-லிருந்து ஏலம் கேட்க வேண்டும். கேட்டு எடுத்தவர் துருப்பை மறைத்து வைப்பார். (யாழ்ப்பாணத்தில் ஆடுகிற முந்நூற்றிநாலும் இதன் சொந்தக்காரன்தான். அதில் ஜாக்குக்கு 30, வகைக்கு 76. நாலால் பெருக்கிப் பாருங்கள்.)

என் வீட்டுக்காரியின் அண்ணன் அந்த ஆட்டத்தில் என் பேரனைப் போல. நாலு சீட்டைப் பார்த்ததும் இருபதுக்குப் போய்விடுவார். அவர் மகளுக்குக் கல்யாணமாகி முதல் ஆடிக்கு மருமகன் வந்திருந்த நாள். மச்சான் 21 கேட்டார். என்னிடம் ஸ்பேட் ஜாக்கும் ஒன்பதும் இருந்தன. நான் வாயே திறக்கவில்லை. மிச்ச நாலு சீட்டு வந்ததும் இரண்டு ஏஸும் சேர்ந்தன. “டபுள்” என்றேன். அவர் விடவில்லை, “அதுக்கு மேல டபுள்” என்றார். அவர் மறைத்து வைத்திருந்த துருப்பும் ஸ்பேட்தான். சரியாக விழுந்தார்.

இதுவரை ஆட்டம் சுத்தம். இப்போதும் அதே சீட்டு வந்தால் அப்படியே ஆடுவேன். ஆனால் எங்கள் பக்கத்தில் தோற்றவர் காதில் குணுக்கு மாட்டுகிற வழக்கம் உண்டு. தென்னங்குரும்பையை ஈர்க்கில் கோத்துக் காதில் தொங்கவிடுவது. “வேண்டாம் மாப்ளே, மருமகன் இருக்கார்” என்று மெதுவாகத்தான் சொன்னார். நான் விடவில்லை. எத்தனை நாள் இவர் என்னை மிரட்டியிருக்கிறார் என்று பழைய பாக்கி எல்லாம் அப்போது ஞாபகம் வந்தது. நானே கோத்து மாட்டினேன், சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் குணுக்கைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

இரண்டு வருஷம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நடுவில் கிடந்து தவித்தது என் வீட்டுக்காரி. பிறகு பேச்சு வந்தது, போக்குவரத்து வந்தது. சீட்டு மட்டும் அவர் என்னோடு ஆடவேயில்லை. போன மாசியில் காலமாகிவிட்டார்.

அதனால் என் கருத்து இது. வீட்டு ஆட்டத்திலும் நல்ல சீட்டை முழுதாக ஆடுங்கள். “பாவம், சொந்தக்காரன்” என்று விட்டுக்கொடுத்தால் அது அவனுக்கும் தெரியும், ஆட்டமும் சப்பென்று போகும். ஆனால் தோற்றவனுக்குத் தண்டனை வேலையாக இருக்கட்டும், அவமானமாக வேண்டாம். பாத்திரம் கழுவுவது சரி, குணுக்கு வேண்டாம். ஜெயித்த பிறகு “நான் அப்பவே கண்டுபிடிச்சேன்” என்று விளக்கம் சொல்லாதீர்கள். அவன் சீட்டு எல்லோருக்கும் தெரிந்தபடிதான் கிடக்கிறது.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1968-இலேயே சொன்னது. ஆன்லைன் ரம்மிக்கும் போக்கருக்கும் நம் மாநிலம் 2022-இல் தடைச் சட்டம் கொண்டுவந்தது, அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் அந்த இரண்டையும் தடையிலிருந்து விலக்கியது, 2025-இல் மத்திய அரசே ஆன்லைன் பண விளையாட்டுகளை மொத்தமாகத் தடை செய்தது. சட்டத்தை விடுங்கள். போனில் ஆடும்போது எதிரே இருப்பவன் முகம் தெரியாது, உங்கள் கை நடுங்குவதை யாரும் பார்த்து “போதும், எந்திரி” என்று சொல்லவும் மாட்டார்கள். திண்ணையில் அதைச் சொல்ல ஒரு பாட்டி இருக்கிறாள்.

ராஜா விழுந்த அன்று பேரன் முகம் சுருங்கித்தான் போனது. நான் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி அவன் பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் நின்று கழுவிக் கொடுத்தேன். “எப்படி தாத்தா தெரிஞ்சுது?” என்றான். “தெரியாதுடே. கணக்கு சரியா இருந்துச்சு” என்றேன். மறுநாள் முதல் கையிலேயே அவன் சீட்டைக் கவிழ்த்து ஒதுங்கினான். பத்து நாளில் முதல் தடவை.

உங்கள் வீட்டில் இருபத்தெட்டு ஆடியவர்கள் இருந்தால், குணுக்கு மாட்டிய கதை இருந்தால், கீழே எழுதுங்கள். மாட்டிவிட்டவர்கள் எழுதினால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்,
ஆய்க்குடி.