ஆதார் நகலும் கியூஆர் குறியீடும்: பொறுப்பேற்பது யார்?

புது தில்லி: ஆதார் அட்டையின் நகலை எந்த நிறுவனத்திடமும் கொடுக்க வேண்டாம் என்று இந்திய தனித்துவ அடையாள ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் 2022 மே 27-ஆம் தேதி எச்சரித்தது. உரிமம் பெறாத தங்கும் விடுதிகளும் திரையரங்குகளும் நகல்களைப் பெற அனுமதி இல்லை என்றும் அதில் கூறப்பட்டிருந்தது. தவறாகப் பொருள் கொள்ளப்படக்கூடும் எனக் கூறி, இரண்டே நாள்களில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றது. வழக்கமான எச்சரிக்கையுடன் ஆதாரைப் பயன்படுத்தினால் போதும் என்றது. எது வழக்கமான எச்சரிக்கை என்பதை விடுதியின் வரவேற்பு மேசை முன் நிற்பவரே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இங்குக் குறை தொழில்நுட்பத்தில் இல்லை. ஆதாரின் கியூஆர் குறியீட்டில் ஆணையத்தின் மின்னணுக் கையொப்பம் அடங்கியுள்ளது. உள்ளிருக்கும் விவரத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் சரிபார்ப்பில் தெரிந்துவிடும். குறியீட்டை ஸ்கேன் செய்யாமல் நகலைக் கோப்பில் வைப்பவர் எதையும் சரிபார்ப்பதில்லை, சேகரிக்க மட்டுமே செய்கிறார். யார் கேட்கலாம், எவ்வளவு கேட்கலாம், பிழை நேர்ந்தால் இழப்பை யார் ஏற்பது ஆகியவற்றை வரையறுக்கும் விதிகளின் தொகுப்பே நம்பகக் கட்டமைப்பு எனப்படுகிறது.

இந்தியாவில் முதல் கேள்விக்கான விடையே பலமுறை மாறியுள்ளது. தனியார் நிறுவனங்கள் ஆதாரைப் பயன்படுத்த இடமளித்த 57-ஆவது பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26-இல் செல்லாததாக்கியது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விருப்பத்தின் பேரிலான பயன்பாட்டுக்கு வழிவிட்டது. 2025 ஜனவரியில் வெளியான திருத்த விதிகள், பொதுநலன் சார்ந்த சேவைகளுக்காகத் தனியார் நிறுவனங்களும் அங்கீகாரச் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்க அனுமதித்தன.

ஐரோப்பிய ஒன்றியம் கேட்பவரிடமிருந்து தொடங்குகிறது. 2024-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, டிஜிட்டல் அடையாளப் பணப்பையிலிருந்து தகவல் பெற விரும்பும் நிறுவனம் முன்கூட்டியே பதிவு செய்துகொண்டு, எந்த விவரங்களைக் கேட்கப்போகிறது என்பதையும் தெரிவிக்க வேண்டும். 2014-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, தகுதிச் சான்று பெற்ற நம்பகச் சேவை நிறுவனத்தால் ஒருவருக்கு இழப்பு ஏற்பட்டால், தன் மீது தவறில்லை என்பதை அந்நிறுவனமே நிரூபிக்க வேண்டும்.

இந்தியாவில் நிலைமை வேறு. ஆதார் சட்டத்தை மீறும் நிறுவனத்துக்கு 1 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அதற்கான விசாரணை ஆணையத்தின் புகாரின் பேரில்தான் தொடங்கும். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதத்துக்கு வகை செய்கிறது. அத்தொகை இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்லும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு வழங்கும் பிரிவு அச்சட்டத்தில் இல்லை.