படத்தைக் குறுக்கும் முன்னர்

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் மாலை, எமது மாணாக்கன் ஒருவன் வாடிய முகத்தோடு எம்மிடம் வந்தான். அவனுடைய அம்மம்மா காலமாகி மூன்று கிழமை ஆகியிருந்தது. அந்தியேட்டிக்கு முன்னர் கல்வெட்டு அச்சாகவேண்டும். வீட்டு விறாந்தையிலே மாட்டுவதற்குப் பெரிய படமொன்றும் சட்டமிடவேண்டும்.

“சேர், அம்மம்மா வடிவாய்ச் சிரித்துக்கொண்டிருக்கிற படம் இது ஒன்றுதான். ஸ்ரூடியோக்காரர் பெரிதாக்க ஏலாது என்கிறார்” என்று கைத்தொலைபேசியை நீட்டினான்.

வாங்கிப் பார்த்தோம். படம் அழகிய படமே. ஆயின் அதன் அளவு குறுக்கே 480 புள்ளிகள், நெடுக்கே 640 புள்ளிகள் மாத்திரமே. முந்திய ஆண்டிலே அப்படத்தை முகநூலில் இடுவதற்காகச் சிறிதாக்கிய பிள்ளை, சிறிதாக்கியதை அதே பெயரில், அதே இடத்தில், மூலப்படத்தின் மேலேயே சேமித்துவிட்டான். யாரும் திருடவில்லை, கருவியும் பழுதாகவில்லை. ஒரேயொரு பொத்தானை அழுத்திய விரலே காரணம்.

படத்தைச் சிறிதாக்குவது பிழையான காரியமா? அன்று. அது மிகவும் வேண்டப்படுவதொன்றே. இலகுவில் செய்யும் வழிகளும் பல உள. ஆனால் அவ்வழிகளை அறியுமுன் படம் என்பது எதனால் ஆயது என்பதை அறிதல் நன்று.

கைத்தொலைபேசியில் எடுக்கும் படம், பாய் பின்னுவதுபோல் நெடுக்கும் குறுக்குமாக அடுக்கிய நிறப்புள்ளிகளின் தொகுதியாகும். இப்புள்ளியையே பிக்சல் என்பர். குறுக்கே 4000, நெடுக்கே 3000 புள்ளிகள் உள்ள படத்தில், பெருக்கிப் பார்த்தால், 120 இலட்சம் புள்ளிகள் இருக்கின்றன. கடைக்காரர் ‘12 மெகாபிக்சல்’ என்று சொல்வது இதனையே. இத்தகைய படமொன்று பல மெகாபைற் இடத்தைப் பிடிக்கும். ஆனால் பார்ப்பவருடைய திரையோ சிறியது. பல மடிக்கணினிகளின் திரையிலே குறுக்கே 1920 புள்ளிகளே உள. ஆகவே இணையத்தில் இடும் படத்துக்குக் குறுக்கே 1600 புள்ளிகள் தாராளமாகப் போதும். அப்போது நெடுக்கே 1200 ஆகும். மொத்தப் புள்ளிகள் ஆறிலொரு பங்கிலும் குறையும். அனுப்பும் நேரமும் டேற்றாச் செலவும் அதற்கேற்பக் குறையும்.

இனி வழிகளைக் கூறுவோம்.

விண்டோஸ் கணினி உள்ளவர்கள் அதனோடு கூடவே வரும் ‘பெயின்ற்’ செயலியைப் பயன்படுத்தலாம். படத்தை அதிலே திறந்து, ‘கொன்ரோல்’ விசையோடு ‘டபிள்யூ’ விசையை அழுத்துக. சிறு பெட்டியொன்று தோன்றும். அதிலே ‘பிக்சல்ஸ்’ என்பதைத் தெரிந்து, குறுக்களவுக்கு 1600 என்று இடுக. நீள அகல விகிதத்தைக் காக்கும் அடையாளம் இடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. அஃது இல்லையாயின் மாப்பிள்ளை நெட்டையராகவும் மணமகள் மெலிந்தவராகவும் தோன்றக்கூடும். பின்னர் ‘சேவ்’ என்பதை அழுத்தாது, ‘சேவ் அஸ்’ என்பதை அழுத்தி, வேறு பெயர் கொடுத்துச் சேமிக்க. எமது மாணாக்கன் இடறி விழுந்தது இந்த இடத்திலேதான்.

திருவிழாவிலே எடுத்த நூறு படங்களை ஒருமிக்கச் சிறிதாக்கவேண்டுமாயின், மைக்ரோசொப்ற் நிறுவனம் இலவசமாகத் தரும் ‘பவர்ரோய்ஸ்’ தொகுப்பு உதவும். படங்களையெல்லாம் தெரிவுசெய்து, வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, வேண்டிய அளவைச் சொன்னால் போதும். நாமாக மாற்றாவிடில், அது மூலப்படங்களைத் தொடாது பிரதிகளையே ஆக்கித் தரும்.

விண்ணப்பங்களோடு படம் அனுப்பும் மாணவர்க்கு வேறொரு தொல்லை உண்டு. ‘இத்தனை கிலோபைற்றுக்கு மேற்படலாகாது’ என்று விதித்திருப்பார்கள். இவர்களுக்கு ஏற்றது, கூகிள் நிறுவனத்தார் 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்குவூஷ்’ என்னும் இணையக் கருவி. படம் வேறெங்கும் அனுப்பப்படாமல் நமது கருவிக்குள்ளேயே வேலை நடைபெறும். தரத்தைக் குறைக்கக் குறையக் கோப்பின் பருமன் எவ்வளவு குறைகிறது என்பதை உடனுக்குடன் காட்டும். கடவுச்சீட்டு அளவிலான, அதாவது 35 மில்லிமீற்றர் அகலமும் 45 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கின்படி 413 க்கு 531 புள்ளிகள் போதும். முதலில் முகத்தை அளவாக வெட்டியெடுத்து, அதன் பின்னரே சிறிதாக்குக.

இன்னொன்றும் அறியத்தக்கது. வட்ஸ்அப்பிலே படமாக அனுப்பினால், அது தானாகவே படத்தைச் சிறிதாக்கிவிடும். பகிடிப் படங்களுக்கு அது போதும். கலியாணப் படத்தைக் கனடாவிலுள்ள மாமாவுக்கு அனுப்புவதாயின் ‘டொக்கியுமென்ற்’ ஆக அனுப்புக. புள்ளி குறையாது போய்ச் சேரும்.

குறுக்கிய படத்தை மீண்டும் பெரிதாக்க முடியாதா என்று கேட்பீர்கள். நன்றாக அச்சிடுவதற்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பர். எட்டங்குல அகலமும் பத்தங்குல உயரமும் உள்ள படத்துக்கு 2400 க்கு 3000 புள்ளிகள் தேவை. 480 புள்ளிகளை வைத்து ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றே மேலாக அச்சிடலாம்; அவ்வளவே. புதிய செயலிகள் இடையிலே புள்ளிகளை நிரப்பித் தருகின்றன என்பது உண்மை. ஆனால் அவை நிரப்புவது ஊகத்தினாலேயே. அம்மம்மாவின் கன்னத்துச் சுருக்கம் எப்படி இருந்தது என்பது அவற்றுக்குத் தெரியாது. சீலையை வெட்டிப் பாவாடை தைக்கலாம். பாவாடையை ஒட்டுப்போட்டுப் பழைய சீலையாக்க இயலுமா?

மேலும், 1992 இல் நியமமாக ஏற்கப்பட்ட ‘ஜேபெக்’ முறை, கண் எளிதிற் காணாத நுட்பங்களைக் கழித்தே கோப்பைச் சுருக்குகின்றது. திருத்தித் திருத்தித் திரும்பச் சேமிக்குந்தோறும் மேலும் சிறிது கழியும். ஆதலால் பிரதி வேண்டும்போதெல்லாம் மூலத்திலிருந்தே எடுத்தல் வேண்டும். பிரதியிலிருந்து பிரதி எடுத்தலாகாது.

முன்னாளில் ஸ்ரூடியோக்காரர் படத்தை நம்மிடம் தந்துவிட்டு, ‘நெகற்றிவ்’ சுருளை இலக்கமிட்டுப் பெட்டியிலே பேணி வைத்திருப்பார். பல ஆண்டுகள் கழித்துப் போய்க் கேட்டாலும் எடுத்துத் தருவார். இன்று அந்தப் பொறுப்பு நம் தலையிலே விழுந்திருக்கிறது. மூலப்படமே நமது ‘நெகற்றிவ்’ என்று கொள்க. ‘மூலம்’ என்றொரு கோப்புறையும், ‘அனுப்ப’ என்றொரு கோப்புறையும் வைத்துக்கொண்டு, சிறிதாக்கும் வேலையெல்லாவற்றையும் இரண்டாவதிலேயே செய்க. மூலக் கோப்புறையை வேறொரு வட்டிலும் பிரதிபண்ணி வைத்தல் இன்னும் நலம்.

அந்தியேட்டி நாளன்று நாமும் சென்றிருந்தோம். கல்வெட்டின் முதற்பக்கத்தில், முத்திரையினும் சிறிது பெரிய அளவிலே, அம்மம்மா சிரித்துக்கொண்டிருந்தார். விறாந்தையிலே மாலையிட்டிருந்தது வேறொரு படம். யாரோ ஒருவருடைய கலியாண வீட்டில் எடுத்தது. முகம் சற்றே அப்புறம் திரும்பியிருந்தது. பிள்ளை அதைப் பார்த்தபடியே நின்றான். நாம் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. உங்கள் கைத்தொலைபேசியிலுள்ள படங்களுள் மூலம் எது, பிரதி எது என்று பிரித்து வைப்பதற்கு அரைமணி நேரம் போதும். அதனை இன்றே செய்யுங்கள்.