ஆஸ்டனில் ஊதிய சங்கு

கோவையில் மில் தெருவில் பிறந்த எங்களுக்குக் கடிகாரம் பார்த்துப் பழக்கமில்லை. சங்கு ஊதினால் அப்பா கிளம்புவார், மறுபடி ஊதினால் வருவார். அம்மா உலை வைப்பதும் அந்தச் சங்குக்குத்தான். மில் கூரைமேல் இருந்த சைரன்தான் அது. ஆனால் அதை யாரும் சைரன் என்று சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் தெருவில் சங்கு ஊதுவது இரண்டுக்குத்தான்: மில்லுக்கு, அல்லது சாவுக்கு.

அந்தச் சத்தத்தைப் பல வருடம் கழித்து நான் கேட்டது 2025 ஜூலை 5 இரவு, பர்மிங்காமில், ஆஸ்டன் வில்லா கால்பந்து அணியின் சொந்த மைதானமான வில்லா பார்க்கில். மெல்ல இருட்டிக்கொண்டு வந்தது. சுமார் நாற்பதாயிரம் பேர், முக்கால்வாசிப் பேர் கறுப்புச் சட்டை. மேடையிலிருந்து ஒரு சைரன் எழுந்து, ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. பிளாக் சபாத் குழுவின் ‘வார் பிக்ஸ்’ பாட்டு அப்படித்தான் தொடங்கும். அது விமானத் தாக்குதலுக்கு எச்சரிக்கும் சங்கு. கூட்டம் ஓவென்று கத்தியது. எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டதுபோல் வயிற்றைக் கலக்கியது.

நான் இசை தெரிந்தவன் இல்லை. கோவை கணபதியில் ஒரு பட்டறையில் தகடு வெட்டி அழுத்தும் பவர் பிரஸ் ஓட்ட ஆரம்பித்து, அதற்கு டை செய்யும் டூல் ரூமுக்கு மாறி, எங்கெங்கோ சுற்றி, பர்மிங்காமுக்கு மேற்கே ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் வந்து நிற்பவன். டிக்கெட்டும் என் காசில்லை. கூட வேலை பார்க்கும் அறுபத்து மூன்று வயதுக்காரர், மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்று இரண்டாவது டிக்கெட்டை என்னிடம் நீட்டி, “வா, பாப்” என்றார். இந்த ஊரில் ஆண் பெண் எல்லாரும் ‘பாப்’தான், எங்கள் ஊர்க் ‘கண்ணு’ மாதிரி. டிக்கெட் விலை ஏறக்குறைய 200 பவுண்டில் தொடங்கி மேலே மேலே போனது. தொழிலாளிப் பையன்கள் உண்டாக்கிய இசைக்கு இன்றைய தொழிலாளி இவ்வளவு அழ வேண்டியிருக்கிறதே என்று உறுத்தியது உண்மை. வருமானம் பார்க்கின்சன் நோய் ஆய்வுக்கும் குழந்தைகள் மருத்துவமனைக்கும் அந்திமக் காலக் குழந்தைகளின் இல்லத்துக்கும் என்று அறிவித்திருந்தார்கள். எனக்கு டிக்கெட் சும்மா வந்தது. உறுத்தல் சீக்கிரம் அடங்கிவிட்டது.

அது பிளாக் சபாத் விடைபெறும் கச்சேரி. ‘பேக் டு தி பிகினிங்’, அதாவது தொடங்கிய இடத்துக்கே, என்று அதற்குப் பெயர். பெயர் சரிதான். மைதானத்திலிருந்து நடக்கும் தூரத்தில் லாட்ஜ் ரோடு. குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் வளர்ந்த வீடு அங்கேதான். குழுவின் நால்வருமே இந்த ஆஸ்டன் வட்டாரத்துப் பையன்கள். பாடகராவதற்கு முன் ஓஸி கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்திருக்கிறார். அம்மா வேலை பார்த்த தொழிற்சாலையில் கார் ஹாரன்களுக்குச் சுருதி சேர்த்திருக்கிறார். நாள் முழுக்க ஹாரன் சத்தம் கேட்டவர் என்ன மாதிரிப் பாட்டுப் பாடுவார் என்று நாம் எதிர்பார்க்க முடியும்? சாத்தான், சூனியம் என்று இந்தக் குழுவைப் பற்றி எழுதித் தள்ளியிருக்கிறார்கள். பெயரே ஒரு பழைய பேய்ப் படத்தின் பெயர்தான். அதற்குமேல் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை.

எனக்கு மனதில் நிற்பது கிதார்க்காரர் டோனி அயோமியின் கைதான்.

அவருக்கு அப்போது 17 வயது. தகட்டுத் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை. வாசிப்பதற்காக வெளிநாடு போக வாய்ப்பு வந்து, வேலையை விட்டாயிற்று. அன்று கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், இனிப் போகவில்லை என்றிருக்கிறார். எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா திருப்பி அனுப்பியிருக்கிறார். பிரஸ் ஓட்டும் ஆள் அன்று வரவில்லை. இவரை நிற்க வைத்தார்கள். பிரஸ் ஓட்டியவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. வலது கையில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடது கைக்காரர். அதாவது தந்தியை அழுத்துகிற கை அவருக்கு வலதுதான்.

தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டோடு வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிதார்க்காரர் வாசித்தது. தீயில் கை வெந்து இரண்டு விரல் முடங்கிய பிறகும் வாசித்தவர். பையன் அதைக் கேட்டுவிட்டு வேலையில் இறங்கினான். பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி உருண்டை பிடித்தான். சூட்டுக்கோலால் அதில் துளை போட்டு, விரல் நுழையும்வரை தேய்த்து, பழைய ஜாக்கெட்டிலிருந்து தோல் வெட்டி மேலே ஒட்டினான். டூல் ரூம்காரனாகச் சொல்கிறேன்: இது சங்கீத மூளை இல்லை, பட்டறை மூளை. போட்டுப் பார், ராவு, மறுபடி போட்டுப் பார்.

உறைக்குள் இருக்கும் விரலுக்குத் தந்தி தட்டுப்படாது. இறுக்கமான தந்தியை அழுத்தினால் உயிர் போகும். அதனால் மெல்லிசான தந்தி தேடினார். முதலில் பாஞ்சோ தந்தியை வாங்கிப் போட்டார். அப்புறம் தந்தியையே தளர்த்தினார். 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில், நம் பாடகர்கள் கணக்கில் சொன்னால், மூன்று கட்டையில் இருக்க வேண்டிய அடித்தந்தியை ஒன்றரைக் கட்டைக்கு இறக்கிவிட்டார். ஹெவி மெட்டல் என்று உலகம் கொண்டாடுகிற அந்தக் கனத்துக்கு ஒரு முக்கியக் காரணம், வலி குறைய ஒரு தொழிலாளி செய்துகொண்ட ஏற்பாடு. மைதானத்தில் அதைக் காதால் கேட்பதென்று சொல்ல முடியாது. நெஞ்சுக்கூட்டில் இடிக்கும், சட்டைப் பொத்தான் அதிரும். நூறு டன் பிரஸ் பக்கத்தில் நிற்பவனுக்குப் பாதம் வழியாக ஏறுமே, அதே அதிர்வு.

எங்கள் கணபதிப் பட்டறையிலும் ஓர் அண்ணனுக்கு இரண்டு விரல் போனது. டையில் சிக்கின தகட்டை எடுக்கக் கையை உள்ளே விட்டார். கால் பெடலிலேயே இருந்தது. அதற்குப் பிறகு கல்யாண வீட்டு போட்டோவில் எல்லாம் அவர் வலது கை துண்டுக்குக் கீழேதான் இருக்கும். டீ கிளாஸை உள்ளங்கையில் ஏந்திக் குடிப்பார். வலிக்குதுங்களாண்ணா என்று ஒருநாள் கேட்டேன். “இருக்கற விரலு வலிக்கறதில்ல கண்ணு. போன விரலுதான் வலிக்குது” என்றார். அவருக்கு இசைத்தட்டு கொண்டுவந்து கொடுக்க யாரும் இல்லை.

மத்தியானமே தொடங்கிவிட்டது கச்சேரி. சுழலும் மேடை, முன்னால் ஒரு குழு வாசிக்கும்போதே பின்னால் அடுத்த குழுவுக்குச் சாமான் ஏறிக்கொண்டிருக்கும். மெட்டாலிகா, கன்ஸ் அண்ட் ரோஸஸ், ஸ்லேயர், பான்டெரா, டூல் என்று வரிசையாக வந்து, தங்கள் பாட்டோடு பிளாக் சபாத் பாட்டும் வாசித்துவிட்டுப் போனார்கள். வரிசையில் நின்று மொய் எழுதிவிட்டுப் போகிற மாதிரிதான். என் நண்பர் வேலையிடத்து மஞ்சள் ஸ்பாஞ்சுக் காதடைப்பான் இரண்டு ஜோடி கொண்டுவந்திருந்தார். இரவு பத்து மணிக்கு அதைப் பிடுங்கியபோது கூட்டத்தின் சத்தம் மட்டும் தனியாக, தண்ணீர் மாதிரி உள்ளே வந்தது.

கூட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேடைக்கு முன்னால் ஆட்கள் வேண்டுமென்றே ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு வட்டமாக ஓடினார்கள். பார்த்தால் அடிதடி. என் கண்ணெதிரே கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன் ஒருவன் விழுந்தான். கழுத்துவரை பச்சை குத்திய, வாசற்கதவு அகல ஆசாமி ஒருவர் இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தை நிறுத்தினார். நாலு பேர் பையனைத் தூக்கி நிறுத்தினார்கள். ஐந்தாமவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, அவனுக்கு மாட்டிவிட்டார். பையன் கட்டைவிரலை உயர்த்தினான். உடனே மறுபடி மோதத் தொடங்கினார்கள். மேடைக்கு முன்னால் யார் விழுந்தாலும் முதலில் தூக்கு என்பது இவர்கள் எழுதாத சட்டம் என்றார் நண்பர். நடுவில் யங்பிளட் என்ற இருபத்தேழு வயதுப் பாடகர் ‘சேஞ்சஸ்’ பாட்டை, இரண்டு நாள் முன்பு கார் விபத்தில் இறந்துபோன கால்பந்து வீரர் டியோகோ ஜோட்டாவுக்குச் சமர்ப்பித்துப் பாடினார். மைதானம் முழுக்கச் சேர்ந்து பாடியது.

அதற்கெல்லாம் பிறகு, மேடைத் தரையைத் திறந்துகொண்டு ஒரு கறுப்புச் சிம்மாசனம் மேலே வந்தது. அதில் ஓஸி. வயது 76. பார்க்கின்சன் நோய், முதுகெலும்பில் பல அறுவை சிகிச்சைகள். நடக்க முடியாது. உட்கார்ந்தபடியே கையைத் தட்டுகிறார், கண்ணை உருட்டுகிறார், உடம்பின் மேல்பாதி எழுந்துவிடத் துடிக்கிறது, கீழ்ப்பாதி ஒத்துழைக்கவில்லை. முதலில் தனியாக ஐந்து பாட்டு. ‘மாமா, ஐம் கமிங் ஹோம்’ பாடும்போது குரல் உடைந்தது. விட்ட இடத்தையெல்லாம் கூட்டம் எடுத்துப் பாடியது. பிறகுதான் பழைய நால்வரும். 2005-க்குப் பிறகு இவர்கள் ஒரே மேடையில் நிற்பது அன்றுதான். சங்கு ஊதியது. 77 வயது பில் வார்டு சட்டையைக் கழற்றிவிட்டு டிரம்ஸ் அடித்தார். நான்கே நான்கு பாட்டு, வாணவேடிக்கை, முடிந்தது.

மறுநாள் செல்போனில் அந்தச் சிம்மாசனத்தைப் பார்த்துவிட்டு என் மனைவி கேட்டாள்: “பாவம், எந்திரிக்கக்கூட முடியாத மனுசனை இப்படி உட்கார வெச்சுப் பாட வெக்கோணுமா? வீட்ல நிம்மதியா இருக்க உடக் கூடாதா?” 17 நாள் கழித்து, ஜூலை 22-ல் அவர் இறந்தபோது இதே கேள்வியைப் பலபேர் கேட்டார்கள். காசுக்காக நோயாளியைக் காட்சிப்பொருள் ஆக்கிவிட்டார்கள் என்றுகூடப் பேச்சு. அந்தப் பேச்சில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஒரு கச்சேரியைச் சுற்றிச் சட்டை, தொப்பி, இணைய ஒளிபரப்பு என்று எத்தனை கடை விரிகிறது என்பதை நானும் பார்த்தேன்.

ஆனாலும் நான் அந்தப் பக்கம் இல்லை. அவர் தடுமாறினார், சுருதி விலகினார், உண்மை. பரிதாபப்படும்படி ஒன்றுமில்லை. தன் கடைசி ஷிப்டுக்கு வந்திருந்தார், அவ்வளவுதான். சில வருடம் முன்பு மதுரைப் பக்கம் ஓர் அரசுப் பேருந்து ஓட்டுநர், ஓய்வு பெறும் நாளில் ஸ்டீயரிங்கை முத்தமிட்டு, பஸ்ஸைக் கட்டிப்பிடித்து அழுத வீடியோவை எல்லாரும்தானே பகிர்ந்தோம்? ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, வேனில் ஏற்றி வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டு, கேசரியும் காப்பியும் சாப்பிட்டுவிட்டுப் போகிறோமே, அது எதற்கு? வேலை இன்றோடு முடிகிறது என்று அந்த ஆளின் உடம்புக்குத் தெரிய வேண்டும் என்பதற்குத்தான். நோய் வந்தவரை உள்ளறையில் படுக்கவைத்து, கதவைச் சாத்தி, பார்க்க வருகிறவர்களிடம் தாழ்ந்த குரலில் பேசுவதை மரியாதை என்று நினைக்கிறோம். அது பல நேரம் நம் சங்கடத்துக்குப் போட்ட திரை. நடக்க முடியாதவர் வேலைக்கு வந்தால் நாற்காலி போடுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்லட்டும், நாம் சொல்ல வேண்டாம்.

எனக்கு இதில் இவ்வளவு சூடு வருவதற்குக் காரணம் என் அப்பா. ஸ்பின்னிங்கில் முப்பத்தொரு வருடம். ஒருநாள் காலையில் மில் கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. முந்தின நாள் ரெண்டாம் ஷிப்ட் முடித்து, டிபன் பாக்ஸைக் கழுவி லாக்கரில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்திருந்தார். அதுதான் கடைசி ஷிப்ட் என்று அவருக்குத் தெரியாது. மாலை இல்லை, வேன் இல்லை. டிபன் பாக்ஸ் திரும்ப வரவே இல்லை. சங்கும் அன்றோடு நின்றது. அதற்குப் பிறகு பல நாள் அம்மாவுக்கு உலை வைக்கும் நேரம் தவறிக்கொண்டே இருந்தது.

கச்சேரிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் அப்பாவுக்குப் போன் போட்டேன். அவருக்கு 81 வயது, காது மந்தம். கத்தித்தான் பேச வேண்டும். மைதானம், கூட்டம், சிம்மாசனம் எல்லாம் சொன்னேன். உம் கொட்டிக்கொண்டிருந்தார். அயோமியின் விரல் கதையைச் சொன்னதும் டி.வி. சத்தத்தைக் குறைப்பது கேட்டது.

“அந்தப் பையன் இப்ப எப்படி இருக்கறான்?”

“பையன் இல்லீங்ப்பா, 77 வயசு. நேத்துக்கூட வாசிச்சார்.”

“அதே பிளாஸ்டிக் ஒறையா?”

“அந்த மாதிரிதான். இப்ப நல்லா செஞ்சு தர்றாங்க.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “ஒறை போட்டா நூலு அந்தாலயா இந்தாலயான்னு விரலுக்குத் தெரியாதே. அறுந்த நூலைச் சேக்கறப்ப எனக்கு விரல்ல துணி சுத்தியிருந்தாலே தட்டுப்படாது. எப்படித் தொடறான்?”

“காதுலதான் கண்டுபுடிப்பாராமா.”

“அந்தச் சத்தத்துலயா?” என்றார். பிறகு, “செரி, நீ சாப்டியா?”