“ஃபயர்” என்றால் நெருப்பு மட்டுமா?

தருமபுரி, பாலக்கோடு, அரூர் பஸ் நிலையங்களில் ஒசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் மூட்டையோடு ஏறும் உழைப்பாளிகளைப் பார்த்துச் சில கனவான்கள் கேலி பேசுகின்றனர்: “சட்டையில் அச்சடித்திருக்கும் இங்கிலீஷ்கூட இவனுக்குப் புரியாதே!” வேறு சிலரோ, “கூலிக்காரனுக்கு இங்கிலீஷ் எதற்கு?” என்று அன்பு காட்டுகின்றனர். இரு சாராருக்கும் நாம் சொல்வது ஒன்றே. எங்கள் வயிற்றில் அடிக்கும் சொல் எந்த மொழியில் இருந்தாலும் அதன் பொருள் எங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

துரைமார் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். தருமபுரி 1965-ல்தான் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் சேலம் ஜில்லா. அந்தச் சேலம் ஜில்லாவிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போயின. அங்கே சின்னத் துரைகளுக்கென்று ஒரு தமிழ்க் கைப்புத்தகம் அச்சிட்டார்கள். அதன் பெயர் என்ன தெரியுமா, தோழர்களே? “இங்கே வா”! நம்மை ஏவுவதற்காக நம் கொச்சையை அவர்கள் கற்றார்கள். அவர்களுடைய கொச்சையை நாம் கற்றால் மட்டும் குற்றமா?

கற்றுத்தான் பார்ப்போமே. “சாக்” கொடுத்தான் என்றால் சாக்கு கொடுத்தான் என்று பொருள். அந்நாளில் இங்கிலீஷ்த் தொழிலாளி தன் கருவிகளைச் சாக்குப் பையில் கொண்டுவருவான். வேலை போனால் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவான். அதிலிருந்து வந்த சொல் என்பார்கள். “ஃபயர்” அமெரிக்கக் கேலி. துப்பாக்கி சுடுவதற்கும் ஆளை நீக்குவதற்கும் “டிஸ்சார்ஜ்” என்று ஒரே சொல் இருந்ததால், ஆளையும் “சுட்டுவிட்டான்” என்றார்கள். இவை தொழிலாளியின் வாயில் பிறந்த சொற்கள். கசப்பு உண்டு, பொய் இல்லை.

முதலாளிமாரின் புதுச் சொற்களைப் பாருங்கள். “லெட் கோ” என்கிறார்கள். ஏர் மாட்டை அவிழ்த்து விடுவதுபோல் நம்மை விட்டுவிடுகிறார்களாம்! “ரைட் சைசிங்” என்கிறார்கள். தையற்காரன் அளவெடுப்பதுபோல் சரியான அளவாம்! என்ன பரிவு! அந்த அளவுக்கு வெளியே விழும் துண்டுத் துணி யார்? நாம்தான்.

இங்கிலீஷில் நமக்கு உறவான சொற்களும் உண்டு. 1768-ல் லண்டன் துறைமுகத்தில் மாலுமிகள் கூலி உயர்வு கேட்டுக் கப்பல் பாய்களை இறக்கினார்கள். பாயை இறக்குவதற்குப் பெயர் “ஸ்டிரைக்”. 1880-ல் அயர்லாந்தின் மேயோவில் பாய்காட் என்ற நிலவுடைமை ஏஜெண்டு, குத்தகையைக் குறைக்கக் கோரிய குடியானவர்களை வெளியேற்றக் கிளம்பினான். அவன் வயலை அறுக்க ஆளில்லை, கொல்லன் வரவில்லை, கடைக்காரன் சாமான் கொடுக்கவில்லை. கடைசியில் 50 வெளியாட்களைச் சிப்பாய்க் காவலோடு கொண்டுவந்து அறுத்தார்கள். அவன் பெயரே உலகெங்கும் பகிஷ்காரத்துக்குப் பெயராயிற்று. பணக்காரனுடைய அகராதியிலும் அதை எழுதித்தான் தீர வேண்டியிருந்தது!

வேலைநிறுத்தத்தை முறிப்பவனை அந்நாட்டுத் தொழிலாளி “பிளாக்லெக்” என்றான்: கறுத்த கால். நம் சங்க மேடையில் அவன் கருங்காலி. நமக்கோ கருங்காலி மரமும் ஆகும். மரத்தை வெட்டும் கோடரிக்குக் காம்பாகும் மரம். எப்படிப் பொருந்திவிட்டது! (இன்று கருங்காலி மாலை விற்கிறார்களே, அது வேறு வியாபாரம்.)

இதெல்லாம் வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. “ஹயர் அண்ட் ஃபயர்” என்ற கொச்சை இன்று சட்டமாக வந்திருக்கிறது. 2025 நவம்பர் 21-ல் அமலான தொழில் உறவுத் தொகுப்பின்படி, 300-க்குக் குறைவான பேர் வேலை செய்யும் ஆலையில் லே-ஆஃபுக்கும் ஆட்குறைப்புக்கும் மூடுவதற்கும் சர்க்காரின் முன் அனுமதி வேண்டியதில்லை. முன்பு அந்த எல்லை 100. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலோ, அது “ஸ்டிரைக்”! முதலாளிக்கு என்றால் சொல் இளகுகிறது. நமக்கு என்றால் இறுகுகிறது. இதற்குப் பெயர் சீர்திருத்தமாம்!

தொழிலாளி ஒவ்வொருவனுக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்று அதே நாளில் அமலான இன்னொரு தொகுப்பு சொல்கிறது. நல்லது, தரட்டும். “ஃபிக்சட் டெர்ம்” என்று இங்கிலீஷில் அடித்த தாளில் பெருவிரலை உருட்டச் சொல்வார்கள். குறித்த தவணை முடிந்ததும் வேலையும் முடிந்தது என்பது அதன் பொருள். கடிதத்தைத் தமிழில் கேளுங்கள். சங்கத் தோழரிடம் காட்டி வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.