எளிது, யாருக்கு?

‘எளிய’ என்னும் அடைமொழி இன்று நம் இல்லங்களின் மீது மழையெனப் பொழிகிறது. எளிய சமையல், எளிய வீட்டு அலங்காரம், எளிய கைவினை. நாட்காட்டித் தாளின் பின்புறத்திலும், வார இதழ்களின் இணைப்புகளிலும், தொலைக்காட்சியின் நண்பகல் நிகழ்ச்சிகளிலும், இப்பொழுது கைப்பேசியின் சின்னஞ்சிறு திரையிலும் ஒரே வாக்குறுதிதான்: பத்தே நிமிடம், மூன்றே பொருள், செலவே இல்லை. சமையலோடும் அலங்காரத்தோடும் நமக்கு வழக்கு ஏதுமில்லை. தேங்காய்ச் சிரட்டையில் விளக்குச் செய்வதும், பழைய புடவையைக் கிழித்து மிதியடி பின்னுவதும் நல்லனவே. நம் வழக்கு அந்த அடைமொழியோடுதான். எளிது என்கிறார்களே, யாருக்கு எளிது?

நாள்தோறும் நம் இலையில் விழும் இட்லியையே எடுத்துக்கொள்வோம். நான்கு பங்கு புழுங்கலரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். அரிசி தனியாகவும் உளுந்து தனியாகவும் நான்கு மணி நேரம் ஊற வேண்டும். உளுந்துக்கு நீரை மொத்தமாக ஊற்றாமல், தெளித்துத் தெளித்து, பொங்கி வரும்வரை ஆட்ட வேண்டும். அரிசி சற்றே நறநறப்பாக இருக்கும்போது வழித்தெடுக்க வேண்டும். பின் உப்பிட்டுக் கையால் கரைத்து, எட்டு மணி நேரம் புளிக்க விட வேண்டும். மாவைப் புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அந்த உளுந்தோடும் அரிசியோடுமே வருகின்றன. அவை வெளிவிடும் வளிதான் இட்லியை மென்மையாக்குகிறது. மார்கழிக் குளிரில் அவை சோம்பிக் கிடக்கும். சித்திரைப் புழுக்கத்தில் பாத்திரம் நிரம்பித் தரையில் வழியும். இவற்றையெல்லாம் மனத்தில் கணித்து, இரவு பத்து மணிக்குக் கல்லைக் கழுவிக் கவிழ்ப்பவர் ஒருவர் ஒவ்வோர் இல்லத்திலும் இருக்கிறார். காலையில் ஆறு இட்லியைச் சட்டினியில் தோய்த்து உண்டு எழுபவருக்கு இட்லி எளிய உணவுதான். நோயாளிக்கும் ஆகும் எளிய உணவு என்று மருத்துவர்களும் சான்று தருகிறார்கள்.

இங்கே ஒரு சாரார் குறுக்கிடுவர். ‘ஆட்டுக்கல்லும் அம்மியும் போயின, குடும்பமும் போயிற்று’ என்பது அவர்களது ஒப்பாரி. நாம் அதில் கலந்துகொள்வதற்கில்லை. அம்மிக்காக அழுகிறவர்களில் பெரும்பாலோர் அம்மியில் அரைத்தவர்கள் அல்லர், அரைத்ததை உண்டவர்கள். கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் 1950-களில் உருவாகி, பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட மின் ஆட்டுக்கல், தமிழ்ப் பெண்களின் தோள்களுக்குக் கிடைத்த விடுதலை என்றே கொள்கிறோம். 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கத் தொடங்கியபோது, வாங்கியவர்களைச் சோம்பேறிகள் என்று பலர் எள்ளி நகையாடினர். குழவியைப் பிடித்து ஒருமணி நேரம் சுற்றிய கை எதுவும் அப்படி எள்ளியதாக நாம் அறியோம்.

ஆயினும் பொறி வந்ததனால் வேலை குறைந்ததா? நம் பெரியவர்களின் இளமையில் சிற்றூர்களில் இட்லி என்பது பண்டிகைக்கும் விருந்தாளிக்கும் உரியது. மற்ற நாள்களில் பழையசோறும் கூழும் களியும். கல் தானே சுற்றத் தொடங்கியதும் பண்டிகை உணவு அன்றாட உணவாயிற்று. காலையில் இட்லி, மாலையில் தோசை, பிள்ளைக்கு வேறு சட்டினி, பெரியவருக்குக் காரமற்ற சட்டினி. கை ஓய்ந்த இடத்தில் எதிர்பார்ப்பு குடியேறிற்று. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளியிட்ட நூலொன்றில் தம் நாட்டைப் பற்றி இதையே நிறுவினார். அடுப்பும் சலவைப் பொறியும் வந்தபின், பிள்ளைகளும் ஆண்களும் செய்துவந்த விறகுவெட்டல் போன்ற பணிகள் மறைந்தன. இல்லத்தரசியின் நேரமோ குறையவில்லை. நூலின் தலைப்பே அன்னைக்குக் கூடுதல் வேலை என்னும் பொருள்பட அமைந்தது.

நம் நாட்டுக்கும் கணக்கு உண்டு. 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுவதும் மக்கள் தம் நாளைச் செலவிடும் முறையை அளந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81.2 பேர் கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபட்டனர், ஆண்களில் 26.1 பேர். ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம்; ஆண்கள் 97 நிமிடம். அந்த 97-உம் வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரியே. நூற்றில் எழுபதுக்கும் மேற்பட்ட ஆண்கள் அக்கணக்குக்குள் வரவே இல்லை!

‘அவர்கள் அன்பினால் செய்கிறார்கள், அதைப் போய் நிமிடக் கணக்கில் அளப்பதா?’ என்பார் சிலர். அன்பினால் செய்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. அன்பு ஒருவரிடம் மட்டுமே கரண்டியை ஒப்படைத்தது எப்படி என்பதே வினா. ‘கைமணம்’ என்றொரு சொல் நம் மொழியில் இருக்கிறது, அழகிய சொல். நாற்பது ஆண்டு உழைப்புக்கு இல்லங்களில் வழங்கப்படும் ஒரே ஊதியமும் அதுதான். ‘சமையல் பெண்களுக்கே வாய்த்த கலை’ என்போரும் உளர். அப்படியாயின் நளபாகம் என்ற சொல் எங்கிருந்து வந்தது? திருமண மண்டபத்தின் பின்புறம் சென்று பாருங்கள்; உணவகத்தின் தோசைக்கல் முன் நிற்பவர் யாரென்று பாருங்கள். பெரும்பாலும் ஆண்களே. தென்மாவட்டத்துப் பங்குகளின் திருவிழா அசனத்தில், ஆளுயரக் கரண்டியால் அண்டாவைக் கிளறும் வீரர்களும் ஆண்களே. கண்ணீர் மல்க மூட்டை மூட்டையாக வெங்காயம் உரிக்கவும் அவர்கள் அன்று தயங்குவதில்லை. ஆக, ஆண்மகனுக்குச் சமைக்கத் தெரியாது என்பது உண்மையன்று. கூலியும் புகழும் உள்ள அடுப்பில் அவன் நிற்பான். இரண்டும் இல்லாத அடுப்பில் அவள் நிற்பாள்.

‘குருவானவருக்கு அடுப்பங்கரையைப் பற்றி என்ன தெரியும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் பங்கு இல்லத்தில் சமையல்காரர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு மாதச் சம்பளம் உண்டு, வாரம் ஒருநாள் விடுமுறை உண்டு, திருவிழாவுக்குப் புத்தாடை உண்டு. எனவேதான் இவை எதுவுமில்லாத சமையலறைகள் நம் கண்ணில் படுகின்றன.

இனி அலங்காரத்துக்கும் கைவினைக்கும் வருவோம். நாம் சொல்ல வந்ததன் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கான விண்மீன் முன்பெல்லாம் வீட்டுத் திண்ணையில் பிறந்தது. தந்தை மூங்கிலைச் சிம்பு சிம்பாகப் பிளப்பார். ஐந்து முனைச் சட்டங்கள் இரண்டு கட்டி, முனைகளை ஒன்றோடொன்று பிணைத்து, உள்மூலைகளில் சிறு குச்சிகளை நிறுத்தினால் நடுவயிறு புடைத்து நிற்கும். தாய் அடுப்பில் மைதா மாவைப் பசையாகக் காய்ச்சுவார். பூச்சி அரிக்காமலிருக்க அதில் சிட்டிகை மயில்துத்தம். வண்ணத்தாளை வெட்டுவது அக்காள், ஒட்டுவது தம்பி, ஒட்டியதைக் கிழிப்பது கடைக்குட்டி. குடிலுக்கென்று பத்து நாள் முன்பே தட்டில் கேழ்வரகை விதைத்துப் பசும்புல் வளர்ப்பார்கள். வைக்கோலும் செம்மண்ணும் சுமந்து வருவது வாலிபர் பொறுப்பு. புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-இல் கிரேச்சோ சிற்றூரில் அமைத்த குடிலும் அவ்வூர் மக்களின் வைக்கோலாலும் மாட்டாலும் கழுதையாலும் ஆனதே. பலகாரமும் அப்படித்தான். முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுப்பது ஒரு வீடு, வெல்லப்பாகு பதம் பார்ப்பது அடுத்த வீட்டுப் பாட்டி, உருண்டை பிடிப்பது தெருவே. (முந்திரிக்கொத்தில் முந்திரி இல்லை என்பதைப் பிற மாவட்டத்து அன்பர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.)

இன்று விண்மீன் நெகிழித் தாளில் மடித்துக் கடையில் தொங்குகிறது. குடில் அட்டைப்பெட்டியில் வருகிறது. முறுக்கும் அதிரசமும் எடைபோட்டு வாங்கப்படுகின்றன. எளிதாகிவிட்டது என்கிறோம். எவற்றை எளிதாக்கினோம் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? கடைக்கு அனுப்பியவை எல்லாம் கூடிச் செய்த வேலைகள். சிரிப்பும் சண்டையும் கதையும் கலந்த வேலைகள். ஆணும் பிள்ளையும் கைகொடுத்த வேலைகள். வீட்டில் விட்டுவைத்தவை ஒருவர் தனித்துச் செய்யும் வேலைகள்: பாத்திரம் துலக்குதல், கழிவறை கழுவுதல், பள்ளிச் சீருடை தேய்த்தல், நாளைக்கு என்ன சமைப்பது என்று இரவு பதினொரு மணிக்குத் தலையணையில் கிடந்து எண்ணுதல். விலை கொடுத்து மகிழ்ச்சியை வெளியேற்றினோம், சுமையை வைத்துக்கொண்டோம். அந்த ‘எளிய கைவினை’யையும் அதே பெண்ணின் தலையில் ஏற்றி, சமைத்து முடித்த கையோடு காகிதப் பூவும் செய்து கூடத்தை அழகுபடுத்தச் சொல்கிறார்கள். இதுதான் நாம் எதிர்க்கும் எளிமை.

ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். விடுதலைப் பயண நூலின் 20-ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளை யார் யார் வேலை செய்யலாகாது என்று பட்டியல் இடுகிறது. நீ, உன் மகன், உன் மகள், அடிமை, அடிமைப் பெண், கால்நடை, உன்னிடம் தங்கும் அந்நியர். மாடுகூட இருக்கிறது, மனைவி தனியே குறிப்பிடப்படவில்லை. ‘நீ’ என்பதில் அவரும் அடக்கம் என்பர் விரிவுரையாளர்கள். நாமும் அவ்வாறே கற்றோம். நம் இல்லங்களோ அப்பட்டியலை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கின்றன. ஞாயிறு திருப்பலிக்கு முன் இட்லியும் கறிக்குழம்பும், திருப்பலிக்குப் பின் பிரியாணியும் ஆக வேண்டும். ஓய்வுநாள் என்பதாலேயே ஒருவருக்கு இருமடங்கு வேலை. மார்த்தாவைக் கடிந்துரைக்கும் மறையுரைகளைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் கூட்டத்தினர், சோறு ஆகவில்லையா என்று கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றுகின்றனர். உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் கரியிட்டு நெருப்பு மூட்டி மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, களைத்து வந்த சீடர்களை உண்ண அழைத்தார் என்று யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவரைப் பின்செல்வதாகச் சொல்லும் ஆடவர் கூட்டம் இந்த ஓரிடத்தில் மட்டும் பின்செல்வதில்லை.

நாடும் நீதிமன்றமும் நம் இல்லங்களுக்கு முன்னே நடக்கின்றன என்பது வெட்கத்துக்குரியது. 2023 ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம், வெளிநாட்டில் பொருளீட்டிய கணவரின் வருவாயில் வாங்கப்பட்ட சொத்தில் இல்லத்தைப் பேணிய மனைவிக்குச் சரிபாதி உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அவர் வீட்டைத் தாங்கியதனாலேயே இவர் ஈட்ட முடிந்தது என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு தகுதியுள்ள குடும்பத் தலைவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கத் தொடங்கி, அதற்கு உதவித்தொகை என்று பெயரிடாமல் உரிமைத்தொகை என்று பெயரிட்டது. தொகை சிறிது; சொல் பெரிது. நம் திருமண ஆயத்த வகுப்புகளில் மணமகன்களிடம் ‘உமக்குச் சமைக்கத் தெரியுமா?’ என்று கேட்டால் இன்னும் சிரிப்பொலியே விடையாக வருகிறது.

ஆண்டுதோறும் நம் பங்கில் குடும்ப விழா நடைபெறும். சமையல் போட்டி, கோலப் போட்டி, கைவினைப் போட்டி ஆகியவை பெண்களுக்கு, நடுவர்கள் ஆண்கள். இம்முறை அதை மாற்றும்படி பங்குப் பேரவையில் முன்மொழிந்தோம். போட்டியாளர் பெயர் என்னும் இடத்தில் குடும்பத்தின் பெயர் இருக்கும். அடுப்பில் நிற்பவர் வீட்டுத் தந்தையாகவோ மகனாகவோ இருக்க வேண்டும். விண்மீனை வீட்டார் அனைவரும் மைதானத்திலேயே அமர்ந்து கட்ட வேண்டும். நடுவர் நாற்காலிகளில் அன்னையர் அமர்வர். பேரவையில் பெரும் சலசலப்பு. ‘இது ஆண்களைக் கேலிப்பொருளாக்கும்’ என்றார் ஓர் உறுப்பினர். இத்தனை ஆண்டு பெண்கள் அதே அடுப்பில் நின்றபோது அது கேலியாகத் தோன்றவில்லையே என்றோம். ‘ஆண்களுக்கு மாவின் பதம் தெரியாது, சுவாமி’ என்றார் இன்னொருவர்.

அளவுகளை மேலே கொடுத்திருக்கிறோம். ஞாயிறு காலைக்கு வேண்டுமாயின் சனிக்கிழமை நண்பகலிலேயே ஊறப்போட வேண்டும். மாலையில் ஆட்டியபின் கல்லை உடனே கழுவிவிட வேண்டும், காய்ந்தால் தேய்ப்பது கடினம்.