குடல் நுண்ணுயிர்த் தயிருக்கு மருந்து கலந்த பால் ஆகாது

‘புரோபயாடிக்’ என்ற பெயரில் தயிரும் பால் பானமும் கடைகளில் விற்பனையாகின்றன. வீட்டில் உறை ஊற்றிய தயிர் எல்லாமே புரோபயாடிக்தான் என்று சிலர் சொல்வது சரியல்ல. சாதாரணத் தயிர் நல்ல உணவு. ஆனால் அதிலுள்ள பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை இரைப்பை அமிலத்திலும் பித்தநீரிலும் மடிந்துவிடும். போதிய அளவில் உயிரோடு உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை தரும் நுண்ணுயிருக்கே அப்பெயர் பொருந்தும் என்று உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 2001-ல் கூட்டிய நிபுணர் குழு வரையறுத்தது.

எனவேதான் விஞ்ஞானிகள் மனிதக் குடலில் வாழப் பழகிய பாக்டீரியாக்களைத் தேடுகின்றனர். ஜப்பானில் மினோரு ஷிரோட்டா 1930-ல் இத்தகைய லாக்டோபாசில்லஸ் வகை ஒன்றைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார். 1935-ல் அது பால் பானமாக விற்பனைக்கு வந்தது.

குடலில் கிடைத்தது என்பதே தகுதியாகிவிடாது. அது அமிலத்தையும் பித்தநீரையும் தாங்குமா, குடல் சுவரில் ஒட்டுமா, இரத்த அணுக்களைச் சிதைக்குமா, மருந்துக்கு அடங்காத தன்மையை மற்றக் கிருமிகளுக்குக் கடத்துமா என்றெல்லாம் பார்க்க வேண்டும். கடைசியாக மனிதர்களிடமும் சோதிக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இதற்கான நெறிமுறைகளை 2011-ல் வெளியிட்டுள்ளன. இவ்வகைகளில் பல பாலில் மெதுவாகவே பெருகுவதால், வழக்கமான தயிர் உறையையும் துணைக்குச் சேர்ப்பதுண்டு.

இத்தனை சோதனையில் தேறிய பாக்டீரியாவையும் மருந்து கலந்த பால் கெடுத்துவிடும். மடிநோய்க்குப் பென்சிலின் போன்ற மருந்து ஏற்றினால், அது பாலிலும் வரும். நோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து உறையையும் கொல்லும். பாலைக் காய்ச்சினாலும் அது முழுமையாக அழியாது. ஒரு காம்பில் மட்டும் மருந்து ஏற்றினாலும் நான்கு காம்புகளின் பாலையும் ஒதுக்க வேண்டும். எத்தனை நாள் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிவது அவசியம்.

ஆனால் ஒன்றிரண்டு மாடுகள் வைத்திருப்போருக்கு அந்தப் பால்தான் வீட்டுச் செலவுக்குப் பணம். கொழுப்பையும் இதர திடப்பொருளையும் மட்டும் அளந்து விலை போடும் இடங்களில், நேர்மையாகப் பாலை ஒதுக்கியவருக்கு நஷ்டமே மிஞ்சுகிறது. புரோபயாடிக் தயிரைக் கூடுதல் விலைக்கு விற்கும் பால்பண்ணைகள், கொள்முதல் நிலையத்திலேயே மருந்துச் சோதனை நடத்தி, தேறிய பாலுக்கு ஊக்கத்தொகை தர வேண்டும். அதுவே நியாயம்.

விவசாயிகளும் மருந்து ஏற்றிய தேதியைக் குறித்து வைத்து, கெடு முடியும்வரை அந்தப் பாலைச் சங்கத்தில் ஊற்றாதிருக்க வேண்டும். சுத்தமான பாலை ஊற்றுபவருக்கே அதற்குரிய விலையைச் சங்கக் கூட்டத்தில் உறுதியோடு கேட்க முடியும்.