மக்கள் போட்ட சட்டமும் சட்டமன்றம் வைத்த ஓட்டைகளும்

2008 நவம்பர் 4. ஒபாமா அமெரிக்க அதிபராகத் தேர்வான அதே நாளில், மிசூரி மாநில வாக்காளர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டது. தனியார் மின் நிறுவனங்கள் தாங்கள் விற்கும் மின்சாரத்தில் ஒரு பகுதியைக் காற்று, சூரிய ஒளி போன்ற தீராத மூலங்களிலிருந்து பெறுவதைக் கட்டாயமாக்கலாமா? 'முன்மொழிவு சி' என்று அதற்குப் பெயர். நூற்றுக்கு 66 பேர் 'ஆம்' என்றார்கள். அதே நாளில் அந்த மாநிலத்தில் ஒபாமாவை நாலாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் மெக்கெய்ன் முந்தினார். அதாவது, அதிபர் யார் என்பதில் சரிபாதியாகப் பிரிந்து நின்றவர்கள் மின்சார விஷயத்தில் ஒன்றாக நின்றார்கள்.

நம் நாட்டில் இப்படி ஒரு வழி இல்லை. சட்டம் இயற்றுவது எம்.எல்.ஏ.க்களின் வேலை, நாம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவர்களைத் தேர்ந்தெடுப்பதோடு சரி. மிசூரியில் 1908 முதல், போதிய கையொப்பம் திரட்டினால் பொதுமக்களே சட்டத்தை எழுதி நேரடியாக வாக்குக்கு விடலாம்.

அப்போது அந்த மாநிலத்தின் மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நிலக்கரியிலிருந்து வந்தது. அந்த நிலக்கரியில் பெரும்பகுதி வயோமிங் மாநிலத்திலிருந்து ரயிலில் வந்தது. காசும் வெளியே போகிறது, புகை மட்டும் உள்ளூரில் நிற்கிறது. புதிய சட்டம் 2011இல் 2 சதவீதம், 2014இல் 5, 2018இல் 10, 2021இல் 15 என்று படிப்படியாக இலக்கு வைத்தது. அதில் ஐம்பதில் ஒரு பங்கு சூரிய மின்சாரமாக இருக்க வேண்டும். வீட்டுக்கூரையில் சூரியத் தகடு வைப்பவருக்கு வாட்டுக்கு 2 டாலர் மானியம். இதனால் மின்கட்டணம் சராசரியாக 1 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்ற கட்டுப்பாட்டையும் மக்களே எழுதி வைத்தார்கள். பேராசைப்பட்டு எழுதிய சட்டம் என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தச் சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. நடந்தது வேறு.

முதல் ஓட்டை வாக்கெடுப்புக்கு முன்பே போடப்பட்டது! முன்மொழிவுக்காகக் கையொப்பம் திரட்டிக்கொண்டிருந்த 2008ஆம் ஆண்டிலேயே சட்டமன்றம் ஒரு விதிவிலக்கை நிறைவேற்றியது. குறிப்பிட்ட அளவு புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை ஏற்கெனவே வைத்திருக்கும் நிறுவனத்துக்குச் சூரிய மின்சாரக் கட்டாயமும் மானியமும் பொருந்தாது என்றது அது. எம்பயர் டிஸ்டிரிக்ட் என்ற நிறுவனத்துக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தியது.

இரண்டாவது ஓட்டை நுட்பமானது. சட்டம் வந்தபின் அதை நடைமுறைப்படுத்தும் விதிகளை மாநிலத்தின் பொதுச் சேவை ஆணையம் 2010இல் எழுதியது. கணக்கில் காட்டும் மின்சாரம் மிசூரியில் உற்பத்தியானதாகவோ, மிசூரி மக்களுக்கு வந்து சேர்வதாகவோ இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. விதிகளைப் பரிசீலிக்கும் சட்டமன்றக் கூட்டுக் குழு அந்தப் பகுதியை ஏற்க மறுத்தது. 2011 தொடக்கத்தில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டு அதை நீக்கியது.

இதன் விளைவு என்ன? புதுப்பிக்கத்தக்க மூலத்திலிருந்து ஆயிரம் யூனிட் மின்சாரம் உற்பத்தியானால் அதற்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். மின்சாரத்தை ஒருவருக்கும் சான்றிதழை இன்னொருவருக்கும் தனித்தனியே விற்கலாம். எனவே எங்கோ தொலைவில் ஓடும் காற்றாலையின் சான்றிதழை வாங்கி, 'சட்டத்தை நிறைவேற்றிவிட்டோம்' என்று மிசூரி நிறுவனம் கணக்குக் காட்டலாம். அந்த மின்சாரம் ஒரு யூனிட்கூட மிசூரிக்கு வந்திருக்க வேண்டியதில்லை.

நிறுவனங்கள் தரப்பிலும் ஒரு வாதம் இருக்கிறது; அதை மறைக்கக் கூடாது. சான்றிதழ் வாங்கலாம் என்றும், மின்சாரம் மாநிலத்துக்கு வெளியிலிருந்தும் வரலாம் என்றும் சட்டத்தின் வாசகமே சொல்கிறது. ஆனால் உள்ளூரில் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டையும் ஒன்றேகால் யூனிட்டாகக் கணக்கிடலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. மக்கள் எதை நாடினார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

மதரஸாவில் கிதாபு ஓதியவர்களுக்கு மத்னும் ஷரஹும் தெரியும். மூலம் நாலு வரி, விளக்கவுரை நாற்பது பக்கம். விளக்கவுரை எழுதுபவரின் கையில்தான் மூலத்தின் உயிர் இருக்கிறது. மிசூரியிலும் போராட்டம் விளக்கவுரையில்தான் நடந்தது.

இன்னொரு எடுத்துக்காட்டு: 10 மெகாவாட்டுக்கு உட்பட்ட நீர்மின் நிலையத்தையே சட்டம் ஏற்கிறது. ஆனால் மிசிசிப்பி ஆற்றில், அயோவா மாநிலத்தின் கியோகக் ஊரில், 1913இல் இயங்கத் தொடங்கிய பெரிய நிலையத்தின் மின்சாரத்தை அமெரன் நிறுவனம் கணக்கில் சேர்த்தது. மொத்தத் திறன் 10 மெகாவாட்டைப் பலமடங்கு தாண்டினாலும், ஒவ்வொரு ஜெனரேட்டரும் தனித்தனியே அதற்குள் அடங்குகிறதாம். 2008இல் மக்கள் வாக்களித்தது நூறாண்டு பழைய அணையைப் புதிதாக எண்ணிக் காட்டுவதற்கா என்று சூழலியல் அமைப்புகள் கேட்டன. ஆணையம் நிறுவனத்தின் கணக்கை ஏற்றுக்கொண்டது.

எல்லா இடத்திலும் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. எம்பயர் நிறுவனத்துக்கான விதிவிலக்கை எதிர்த்து நடந்த வழக்கில் 2015 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள் பின்னால் நிறைவேற்றிய சட்டத்தோடு முன்னதாக வந்த விதிவிலக்கு மோதுகிறது, ஆகவே அது தானாகவே நீங்கிவிட்டது என்றது நீதிமன்றம். பிந்தியது முந்தியதை நீக்கும் என்பது உஸூல் படித்தவர்களுக்குப் புதிய விதியல்ல. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கும் மானியக் கதவு திறந்தது. ஆனால் வாக்களித்த நாளிலிருந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டிருந்தது. அதற்கிடையில் 2013இல் வந்த இன்னொரு சட்டம் அந்த 2 டாலர் மானியத்தைப் படிப்படியாகக் குறைக்கவும் வழிசெய்துவிட்டது.

இலக்கு 15 சதவீதத்தை நெருங்கியபோது பழைய அணை போதவில்லை. 2020 டிசம்பரில் வடகிழக்கு மிசூரியில் 400 மெகாவாட் காற்றாலைப் பண்ணையை அமெரன் வாங்கியது. சட்டத்தின் இலக்கை எட்டுவதற்காகவே என்றது. ஓட்டைகளோடு மிஞ்சிய சட்டத்தாலேயே இவ்வளவு நடந்தது.

மிசூரியில் மக்கள் இயற்றும் சாதாரணச் சட்டத்தைச் சட்டமன்றம் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றலாம். 2010இல் நாய்ப் பண்ணைகளைக் கட்டுப்படுத்த மக்கள் நிறைவேற்றிய சட்டத்தை மறு ஆண்டே தளர்த்தினார்கள். 2024இல் சுமார் 58 சதவீத வாக்குகளோடு தொழிலாளர்களுக்குக் கிடைத்த ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்பு, 2025 ஆகஸ்ட் 28ஆம் தேதியோடு முடிந்துபோனது.

இதைத் தவிர்க்க, பலரும் சாதாரணச் சட்டத்தை விட்டுவிட்டு அரசமைப்புத் திருத்தமாகவே வாக்குக்கு விடுகிறார்கள். சட்டமன்றம் அதைத் தனியாக மாற்ற முடியாது. மறுபடியும் மக்களிடம்தான் போக வேண்டும். இப்போது அந்த வழிக்கும் தடை வருகிறது. மக்கள் கொண்டுவரும் திருத்தம் மாநில அளவில் வென்றால் மட்டும் போதாது, எட்டு நாடாளுமன்றத் தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் பெரும்பான்மை பெற வேண்டும் என்ற முன்மொழிவைச் சட்டமன்றம் 2025 செப்டம்பரில் நிறைவேற்றி, 2026 நவம்பர் வாக்கெடுப்புக்கு அனுப்பியிருக்கிறது. ஏழு தொகுதிகள் 'ஆம்' என்று சொல்லி ஒரே ஒரு தொகுதி 'இல்லை' என்றாலும் அந்தத் திருத்தம் தோற்றுவிடும். அப்படி ஒரு தடை வரலாமா என்பதை முடிவு செய்யும் இந்த வாக்கெடுப்புக்கு மட்டும் மாநில அளவிலான சாதாரணப் பெரும்பான்மையே போதும்.